சமையல் பிரியத்தோடு ஒரு சிறு லெட்டர்பிரஸ் தொழில்: நடக்குமா, எப்படி நடத்துவது?

கேள்வி இது: "கையால் இயக்கும் லெட்டர்பிரஸ் இயந்திரத்தில் அச்சிடக் கற்றுக்கொண்டிருக்கிறேன். சமையல் என்றால் எனக்கு உயிர். ரெசிபி கார்டு, மெனு, ஜாம் பாட்டில் லேபிள் என்று உணவைச் சுற்றியே சின்னதாக ஒரு தொழில் தொடங்க ஆசை. நடக்குமா? எதில் ஆரம்பிப்பது, என்ன வாங்குவது, விலை எப்படி வைப்பது?"

நடக்கும். (லெட்டர்பிரஸ் என்பது மேடான எழுத்தின்மேல் மை தடவிக் காகிதத்தில் அழுத்தி அச்சிடும் பழைய முறை.) ஒன்றை மட்டும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டின் மேல் இருக்கும் பிரியத்தைத் தொழிலில் எந்த இடத்தில் போடப்போகிறீர்கள்? பெரும்பாலானவர்கள் அதைப் படத்தில் போடுகிறார்கள். ஒரு எலுமிச்சை, ஒரு கரண்டி, குறுக்கே வெட்டிய வெங்காயம். அழகாகத்தான் இருக்கும். ஆனால் சமைக்கவே தெரியாத ஓவியரும் அதைச் செய்துவிடுவார். சமைக்கிறவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் வேறு: அடுப்பங்கரையில் ஒரு காகிதத்துக்கு என்னென்ன நேரும் என்பது. ஈரக் கை படும், எண்ணெய் தெறிக்கும், ஆவி அடிக்கும். இரண்டடி தள்ளி நின்று படிக்க வேண்டியிருக்கும். பாதியில் அடுப்பைப் பார்த்துவிட்டு, விட்ட வரிக்கே திரும்பி வர வேண்டியிருக்கும். இந்த அறிவைக் காகிதத்திலும் எழுத்தளவிலும் மையிலும் கொண்டுவந்தால் உங்கள் சரக்கு தனியாகத் தெரியும். நான் சொல்லப்போவது எல்லாமே இதை ஒட்டித்தான்.

ரெசிபி கார்டில் ஆரம்பியுங்கள். சின்ன இயந்திரத்துக்குள் அடங்கும், காகிதச் செலவு குறைவு, பரிசாக வாங்குகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். 3க்கு 5 அங்குலம், 4க்கு 6 அங்குலம் என்ற இரண்டு அளவுகளுக்கும் பெட்டிகள் சுலபமாகக் கிடைக்கின்றன. நான் 4க்கு 6 தான் செய்யச் சொல்வேன். சிறியதில் பத்துப் பொருள் எழுதினாலே செய்முறைக்கு இடம் இருக்காது. மக்கள் பின்பக்கம் போவார்கள், சமைக்கும்போது கார்டைத் திருப்ப வேண்டி வரும்.

கோடு போட்ட வெற்றுக் கார்டு, ரெசிபியே அச்சான கார்டு என்று இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் காகிதம் வேறு. இந்த இடத்தில்தான் புதியவர்கள் பலர் சறுக்குகிறார்கள். லெட்டர்பிரஸ் என்றாலே 300 அல்லது 600 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில்) பருத்திக் காகிதம் என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. அது மெத்தென்று இருக்கும், எழுத்து நன்றாகப் பள்ளமாகப் பதியும், தொட்டாலே பிடித்துப்போகும். ஆனால் அந்த மென்மைக்காகவே அதில் பசையேற்றம், அதாவது ஈரம் ஊறாமல் தடுக்கச் சேர்க்கும் பசை, குறைவாக இருக்கும். மைப்பேனாவால் எழுதினால் கோடு பிசிறடிக்கும். ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் விரல் அகலத்துக்குப் பரவும். அழைப்பிதழுக்கு அது அருமையான காகிதம். சமையலறைக்கு, அதுவும் எழுதுவதற்கு, நன்றாகப் பசையேற்றிய, கொஞ்சம் விறைப்பான அட்டைதான் சரி. பள்ளம் குறையும், பரவாயில்லை. வாங்கப்போகும் அட்டையில் ஒரு துண்டு எடுத்து, பேனாவால் ஒரு வரி எழுதி, அதன்மேல் ஈர விரலை வைத்து எடுத்துப் பாருங்கள். பத்து நொடியில் பதில் தெரிந்துவிடும்.

ரெசிபியே அச்சாகும் கார்டில் உங்கள் சமையல் கண் முழுசாக வேலை செய்ய வேண்டும். பொருள்கள் பயன்படும் வரிசையிலேயே வரட்டும். அளவு இடப்பக்கம் ஒரே நேர்க்கோட்டில் நிற்கட்டும். சமைக்கிறவர் கண் முதலில் தேடுவது எண்ணைத்தான். கார்டைப் பிடிக்கும் கட்டைவிரல் கீழ் மூலையில் விழும், அங்கே எழுத்து வைக்காதீர்கள். மேல் விளிம்பில் ஒரு துளையோ நல்ல இடைவெளியோ இருந்தால் கிளிப்பில் மாட்டிக்கொள்ளலாம். எழுத்தளவு 10 பாயிண்டுக்குக் கீழே போக வேண்டாம். எண்களுக்கு அதைவிடப் பெரிதாகவே வைக்கலாம்.

ஈய எழுத்தில் கோர்த்தே ரெசிபி அச்சிடலாம் என்று நினைத்தால், கேஸில் (எழுத்துகளைப் பிரித்து வைக்கும் தட்டறைப் பெட்டியில்) உள்ள எண்களை முதலில் எண்ணிப் பாருங்கள். சாதாரண வாசகத்துக்குக் கணக்குப் பண்ணி வார்த்த எழுத்துத் தொகுதியில் எண்கள் குறைவாகவே இருக்கும். ½, ¼, ¾ போன்ற பின்னங்களும் பாகைக் குறியும் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டியவை. ஒரு ரொட்டி ரெசிபியைக் கோர்த்தால் 0 தீர்ந்துபோய்ப் பாதியில் நிற்கும். அதனால் முழு ரெசிபிக்கு நான் ஃபோட்டோபாலிமர் தகடைத்தான் சொல்வேன். கணினியில் அமைத்த பக்கத்தை நெகட்டிவ் ஆக்கி, ஒளி படும் இடம் மட்டும் கெட்டியாகி, மிச்சத்தைத் தண்ணீரில் கழுவி எடுக்கும் தகடு அது. உலோகத் தளத்தின் மேல் ஒட்டி அச்சிட வேண்டியதுதான். தளமும் தகடும் சேர்ந்து 0.918 அங்குலம் வர வேண்டும். ஆங்கில, அமெரிக்க அச்செழுத்துகளின் உயரம் அதுதான். நீங்களே படம் வெட்டும் லினோ கட்டையையும் (மென்மையான லினோலியம் ஒட்டிய கட்டை) அடியில் காகிதம் கொடுத்து இதே உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

தகட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இப்போது லெட்டர்பிரஸ் வாங்குகிறவர்கள் விரலால் தடவி உணரும் பள்ளத்தைத்தான் கேட்கிறார்கள். பழைய அச்சகத்தில் அதற்கு நேர் எதிர்: எழுத்து காகிதத்தை மெல்லத் தொட்டு மையை வைத்துவிட்டு வர வேண்டும், பின்பக்கம் தடம் தெரிந்தால் மோசமான வேலை என்பார்கள். காரணம் இருந்தது. ஈயத்தோடு ஆண்டிமனியும் வெள்ளீயமும் கலந்துதான் எழுத்து வார்க்கிறார்கள்; ஆண்டிமனி கடினம் தந்தாலும் ஆழமாக அழுத்தினால் எழுத்தின் முகம் மழுங்கிவிடும். பள்ளம் வேண்டுமா, தகட்டில் அழுத்துங்கள். ஈய எழுத்தைப் பெயர், தலைப்பு, ஒரு வரி வாழ்த்து போன்ற சின்ன வேலைகளுக்கு மென்மையாகப் பயன்படுத்துங்கள். இனி எளிதில் வார்த்து வாங்க முடியாத பொருள் அது, காப்பாற்ற வேண்டியது.

ஈயம் என்று வந்துவிட்டதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சமையல் பிரியர்கள் நடத்தும் அச்சுக்கூடத்தில் சமையலறையும் அச்சு மேசையும் ஒன்றோடொன்று நெருங்கிவிடுவது சகஜம். கூடவே கூடாது. ஈயம் உடம்பில் சேருவது பெரும்பாலும் வாய் வழியாகவும் தூசி வழியாகவும்தான். குழந்தைகளுக்கு அது மிகவும் கெடுதல். எழுத்து கோர்க்கும் மேசையில் டீ டம்ளர் வைக்காதீர்கள், அங்கே எதையும் கொறிக்காதீர்கள், கை கழுவாமல் அடுப்புப் பக்கம் போகாதீர்கள். ஏப்ரன் அச்சறைக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று. பழைய எழுத்து வாங்கும்போது வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் விட்டுவிடுங்கள். அது ஆக்சிஜனேற்றம் அடைந்த ஈயம், துலக்கினால் தூசியாகப் பறக்கும். தூசி இருக்கும் கேஸை ஊதிச் சுத்தம் செய்யாமல் நல்ல வடிகட்டி உள்ள வாக்குவம் கிளீனரால் எடுங்கள். தகடும் லினோவும் மட்டும் பயன்படுத்தினால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

அதே மாதிரி, அச்சான பக்கம் உணவில் படவே கூடாது. கேக்கைச் சுற்றும் தாள், ரொட்டி வைக்கும் தாள் எல்லாம் அழகான யோசனைகள்தான். ஆனால் நாம் பயன்படுத்தும் மைகள் உணவில் படுவதற்காகச் செய்தவை அல்ல. மை சோயா எண்ணெயில் ஆனது என்பதால் சாப்பாட்டுக்குப் பாதுகாப்பானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; எண்ணெய் தாவரத்திலிருந்து வந்தாலும் நிறமியும் உலர்த்தியும் அப்படி அல்ல.

இயந்திரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேசை மேல் வைக்கும் அடானா 8க்கு 5 என்ற சிறு கை இயந்திரம் இருந்தாலே ரெசிபி கார்டுத் தொழிலைத் தொடங்கிவிடலாம். 8க்கு 5 அங்குலப் பரப்பில் 4க்கு 6 கார்டு வசதியாக உட்காரும். ஆழமான பள்ளமோ பெரிய நிறப்பட்டையோ அதில் எதிர்பார்க்க வேண்டாம். காலால் மிதிக்கும் டிரெடில் கிடைத்தால் நல்லது. சாண்ட்லர் அண்ட் பிரைஸ் உலகம் முழுக்கப் பரவிய வகை, 1964 வரை செய்தார்கள். ஹைடல்பெர்க் பிளாட்டன் தானே தாளை எடுத்து வைத்து மணிக்கு 5000 வரை அடிக்கும். ஆனால் ஒரு டன்னுக்கு மேல் எடை, தரை தாங்குமா என்று முதலில் பாருங்கள். அதன் உற்பத்தியும் 1985-இல் நின்றுவிட்டது. ஆக, நீங்கள் வாங்கப்போவது பெரும்பாலும் பழைய இயந்திரம்தான். வார்ப்பிரும்பில் விரிசலோ வெல்டிங் தழும்போ இருக்கிறதா, உருளை ஓடும் தண்டவாளம் இரண்டு பக்கமும் ஒரே உயரமா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பெயின்ட் பளபளப்பு ஒரு பொருட்டே இல்லை. கையால் தாள் வைக்கும் டிரெடிலில் தாள் கோணலாக விழுந்தால் விழட்டும், சரி செய்யக் கையை உள்ளே நீட்டாதீர்கள். அழுத்தத்தை விலக்கும் நெம்புகோலைத் தள்ளிவிட்டு, அந்தத் தாளை வீணாக்குங்கள்.

உருளையைப் பற்றிச் சமையல்காரருக்குப் பிடிக்கும் ஒரு செய்தி. 19-ஆம் நூற்றாண்டு அச்சகங்களில் மை உருளைகளை வஜ்ஜிரப் பசையும் மொலாசஸும் சேர்த்துக் காய்ச்சி, அச்சில் ஊற்றித்தான் வார்த்தார்கள். வெயிலில் இளகும், ஈரத்தில் உப்பும், குளிரில் இறுகும். பருவத்துக்குத் தகுந்தபடி கலவையை மாற்றுவார்கள். இன்றைக்கு ரப்பர் உருளை, அந்தக் கவலை அவ்வளவாக இல்லை.

மைக்கு வருவோம். சின்னத் தொழிலுக்கு இரண்டு வகை போதும். ரப்பர் அடிப்படை மை இயந்திரத்திலேயே பல மணி நேரம் காயாமல் இருக்கும், நடுவில் எழுந்து போகலாம். ஆனால் அது காகிதம் உறிஞ்சித்தான் உலரும், வழவழப்பான தாளில் நிற்காது. எண்ணெய் அடிப்படை மை காற்றில் உலர்ந்து கெட்டியாகும், சமையலறைக்கு அதுதான் தாங்கும். அதில் பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய் இருக்கும். அந்த மை துடைத்த துணிகளைக் குவியலாகப் போட்டால் காற்றோடு வினைபுரிந்து சூடேறித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். மூடி உள்ள உலோகத் தொட்டியில்தான் போட வேண்டும். இதில் அலட்சியம் வேண்டாம். உருளையைக் கழுவ முதலில் சமையல் எண்ணெயே போதும், மை இளகி வந்துவிடும். அதன் பிறகு கரைப்பானால் ஒருமுறை துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை முழுசாக எடுங்கள். பிசுக்கு மிஞ்சினால் அடுத்த மை உருளையில் ஒட்டாது.

மை அளவைக் கண்ணைவிடக் காது நன்றாகச் சொல்லும். மை பரப்பும் தட்டில் உருளை ஓடும்போது, காய்ந்துவரும் எண்ணெயில் ஒற்றை நீர்த்துளி பட்டாற்போல மெல்லிய சீறல் கேட்டால் அளவு சரி. பிசுபிசுவென்று ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்டால் மை அதிகம், எழுத்தின் ஓரத்தில் கசியும். நிறம் கலக்கும்போது வெளிர் நிறத்தை முதலில் எடுத்து அதில் அடர்நிறத்தைத் துளித்துளியாகச் சேருங்கள். 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வாங்கி, ஒவ்வொரு கலவையின் எடையையும் கார்டில் தடவிய நிறத்தோடு சேர்த்து எழுதி வையுங்கள். மறு ஆர்டர் வரும்போது அதே தக்காளிச் சிவப்பு வர வேண்டும்.

லெட்டர்பிரஸ் மை முழுசாக மறைக்காது, அடியில் இருப்பது தெரியும். கறுப்புத் தாளில் மஞ்சள் அடித்தால் மஞ்சளாக இருக்காது. ஆனால் இதையே சாதகமாக்கிக்கொள்ளலாம்: மஞ்சள் ஒரு ஓட்டம், அதன்மேல் நீலம் ஒரு ஓட்டம், இரண்டும் சேரும் இடத்தில் இலைப் பச்சை. இரண்டு ஓட்டச் செலவில் மூன்று நிறம். பெரிய நிறப்பட்டைகளைத் தவிருங்கள். அடர்த்தியாக நிரப்பிய ஒரு தக்காளி உருவத்துக்கு நிறைய மை வேண்டும், பக்கத்தில் இருக்கும் 8 பாயிண்ட் எழுத்துக்குக் கொஞ்சம் போதும். ஒரே பாரத்தில் (ஒரே தடவையில் அச்சாகச் சேர்த்துப் பூட்டியதில்) இரண்டும் இருந்தால் தக்காளி வெள்ளைப் புள்ளி விழுந்து நிற்கும், எழுத்து அடைத்துக்கொள்ளும். கோடுகளால் நிழல் காட்டும் படம்தான் இந்த முறைக்கு இயல்பானது. ஆங்கிலேய மரச்செதுக்குக் கலைஞர் தாமஸ் பியூயிக் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மரக்கட்டையில் செதுக்கிய பறவைகளைப் பாருங்கள், நிறம் இல்லாமலேயே இறகின் மென்மை தெரியும். ஒரு வெங்காயத்தின் வளையங்களுக்கும் அதே உளி வேலைதான் பொருந்தும்.

லேபிள் ஆர்டர் கேட்டு வருவார்கள். நான் பொதுவாக ஒட்டும் லேபிளுக்குப் பதிலாகக் கழுத்தில் கட்டும் அட்டையைப் பரிந்துரைப்பேன். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டில் வியர்க்கும், மென்மையான காகித லேபிள் ஊறி உரிந்துவிடும். ஒட்டும் தாள் மெல்லியது என்பதால் நீங்கள் விரும்பும் பள்ளமும் அதில் வராது. நூலில் கட்டிய தடிமனான அட்டையில் உங்கள் அச்சு முழு அழகோடு தெரியும். உட்பொருள், எடை, ஒவ்வாமைக் குறிப்பு போன்ற சட்டம் கேட்கும் விவரங்களை உணவு செய்கிறவர் பின்பக்கம் சாதாரண லேபிளில் ஒட்டிக்கொள்ளட்டும். அந்த விவரங்களுக்குப் பொறுப்பு அவருடையது என்று ஆர்டர் தாளிலேயே எழுதி வாங்குங்கள். தயாரித்த தேதிக்கும் தொகுதி எண்ணுக்கும் வெற்றிடம் விட்டுவிடுங்கள், அவர் ரப்பர் ஸ்டாம்ப் வைத்துக்கொள்வார்.

மெனு வேலை பெருமைக்குரியது, ஆனால் உணவும் விலையும் அடிக்கடி மாறும். முழு மெனுவையும் லெட்டர்பிரஸில் அடித்துக் கொடுத்தால் இரண்டாவது மாதமே அது குப்பை, வாடிக்கையாளருக்கு உங்கள்மேல் வருத்தம். மேலட்டையையும் தலைப்பையும் நீங்கள் அடியுங்கள், உள்தாளை அவர்கள் மாற்றிக்கொள்ளட்டும். நீங்கள் அடித்த தாளை அவர்கள் லேசர் பிரிண்டரில் ஓட்டப்போகிறார்கள் என்றால் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிரிண்டரின் சூட்டில் முழுசாக உலராத மை இளகி உள்ளே ஒட்டும். எண்ணெய் மையில் அடித்து, நன்றாகக் காயவிட்டு, இரண்டு தாளை ஓட்டிப் பார்த்த பிறகே கொடுங்கள். மடிக்கும் அட்டை என்றால் காகிதத்தின் நார் ஓடும் திசைக்கு இணையாக மடிப்பு வர வேண்டும், இல்லாவிட்டால் மடித்த இடம் வெடித்து வெள்ளை தெரியும்.

இனி விலை. இந்தத் தொழிலில் காகிதமும் மையும் சின்னச் செலவு, உங்கள் நேரம்தான் பெரிது. அந்த நேரத்தில் பெரும்பகுதி முதல் நல்ல தாள் வருவதற்கு முன்பே போய்விடும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிறத்துக்குப் பாரம் பூட்டி, மை போட்டு, மேக்ரெடி (அழுத்தமும் இடமும் சரியாக வரும்வரை திருத்துவது) முடிக்க ஒன்றரை மணி நேரம். மணிக்கு 300 வீதம் அச்சு. கழுவ அரை மணி. இரண்டு நிறத்தில் 100 கார்டு அடிக்க 4 மணி 40 நிமிடம் ஆகும். அதே வேலையில் 500 கார்டு என்றால் 7 மணி 20 நிமிடம். எண்ணிக்கை ஐந்து மடங்கு, நேரம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். அதனால் "ஒரு கார்டு இவ்வளவு" என்று தட்டையாக விலை சொல்லாதீர்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தொடக்கக் கட்டணம், அப்புறம் நூற்றுக்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்லுங்கள். வாடிக்கையாளருக்கும் புரியும், 50 கார்டு கேட்கிறவர் தானாகவே 200-க்கு வருவார். வீணாகும் தாளுக்கு ஒரு நிறம் என்றால் 10 சதவீதம், இரண்டு நிறம் என்றால் 15 சதவீதம் கூடுதலாக வெட்டி வையுங்கள். அதுவும் விலையில் சேரட்டும்.

கடைகளுக்கு மொத்தமாகக் கொடுத்தால் சில்லறை விலையில் பாதிதான் பொதுவாக உங்கள் கைக்கு வரும். இந்தப் பாதியிலேயே உங்கள் கூலியும் லாபமும் அடங்குகிறதா என்று முதல் நாளே பாருங்கள். அடங்காத சரக்கை நேரடி விற்பனைக்கு மட்டும் வையுங்கள்; கடைக்கு ஒற்றை நிறத்தில் இன்னொரு வரிசை செய்யுங்கள். நண்பர்களுக்காக ஆரம்பத்தில் குறைத்துச் சொன்ன விலையைப் பின்னால் ஏற்றுவது மிகக் கடினம். அவர்களுக்கும் முழு விலையை எழுதி, கீழே தள்ளுபடி என்று தனியாகக் காட்டுங்கள்.

தனி ஆர்டரையும் சொந்தச் சரக்கையும் பாதிப்பாதி வைத்துக்கொள்வது நல்லது. ஆர்டர் மாத வாடகையைக் கொடுக்கும். நீங்கள் சமைத்து, ருசித்து, திருத்தி எழுதிய ரெசிபி வரிசை உங்கள் பெயரைக் கொண்டுபோகும். பிறர் எழுதிய செய்முறையை அப்படியே எடுத்து அச்சிடாதீர்கள். பொருள் பட்டியல் யாருக்கும் பொது, விளக்கி எழுதிய வாசகம் எழுதியவருடையது. எதை அச்சுக்கு அனுப்பினாலும், தகடு செய்யக் கொடுக்கும் முன் அந்தப் புரூஃபை வைத்தே ஒருமுறை சமைத்துப் பாருங்கள். எழுத்துப் பிழையைப் படிக்கும்போதே பிடித்துவிடலாம். உப்பு விட்டுப்போனது அடுப்பில்தான் தெரியும்.

முதல் கார்டு தயாரானதும் 30, 40 அடித்து, தினமும் சமைக்கிறவர்களிடம் கொடுத்து, ஒரு மாதம் கழித்துத் துடைக்காமல் திருப்பித் தரச் சொல்லுங்கள். எந்த மூலை ஊறியிருக்கிறது, எழுதியது பிசிறியிருக்கிறதா, நிறம் விரலில் ஒட்டியதா, கோட்டுக்குள் அவர்கள் கையெழுத்து அடங்கியதா என்று பாருங்கள். கோடுகள் நெருக்கமாக இருந்தால் மக்கள் கோட்டை மதிக்காமல் எழுதியிருப்பார்கள், அது உங்கள் அமைப்பின் குறை. அதையெல்லாம் சரிசெய்த பிறகு மொத்தமாகக் காகிதம் வாங்குங்கள்.